தொக்கணம், இயன்முறை, எலும்புக்கட்டு: பெரம்பலூர் – அரியலூர் வட்டாரத்தில் தொழில் எல்லைகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கைகால் பிசகியவர் மூவரில் எவரையும் நாடக்கூடும்: இயன்முறை மருத்துவர், சித்த மருத்துவர், எலும்புக்கட்டு வைத்தியர். மூவரும் தொட்டே மருத்துவம் செய்வோர்.

சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். அழுத்தலும் இழுத்தலும் அசைத்தலும் இயன்முறை மருத்துவத்திலும் உள. எனினும் சித்த மருத்துவர் 2020ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்திற்கும், இயன்முறை மருத்துவர் 2021ஆம் ஆண்டின் துணைநிலை, நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டத்திற்கும் உட்பட்டவர். எல்லையை வகுப்பது கைச்செயல் அன்று, பதிவேடு.

இது புதிதன்று. 1894இல் பிரிட்டனில் செவிலியர் நால்வர், நெறியற்ற மசாஜ் தொழிலிலிருந்து தம்மைப் பிரித்துக்காட்டச் சங்கம் கண்டனர். மருத்துவரின் பணிப்பின்றி மசாஜ் செய்யலாகாது என்பது அதன் விதி. கீழ்ப்படிதலே அங்கீகாரத்தின் விலை.

எலும்புக்கட்டு வைத்தியர் பெரும்பாலும் எப்பதிவேட்டிலும் இல்லாதவர். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022இல்தான் என்பதை மறந்து, அவரைப் போலி என ஒதுக்குதல் வரலாற்று நோக்காகாது. ஆயின் மூங்கிற்பத்தைக் கட்டு இறுகிக் குருதியோட்டம் தடைப்பட்டால் கை சூம்பும், அழுகவும் கூடும்.

2025 செப்டம்பரில், இயன்முறை மருத்துவர் ‘டாக்டர்’ என்னும் முன்னொட்டை இடலாகாது என மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் கடிதம் விடுத்து, மறுநாளே திரும்பப் பெற்றது. பட்டப்பெயரினும் முதன்மையான வினா, இறுகிய கட்டை எவர், எப்போது அவிழ்த்து எங்கு அனுப்புவது என்பதே.