முழங்கையும் முன்கையும்: ஒரு பொருள்மயக்கத்தின் வரலாறு

'முழங்கை' என்னும் சொல் தமிழில் இரு பொருள்படும். மேற்கையும் முன்கையும் இணையும் மூட்டினை அது குறிக்கும். அம்மூட்டிலிருந்து மணிக்கட்டுவரையுள்ள பகுதியையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இதனால் இடரில்லை. மருத்துவ மொழிபெயர்ப்பிலோ, 'முழங்கை முறிவு' என்று எழுதினால் முறிந்தது மூட்டா, முன்கை எலும்பா என்பது புலனாகாது.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியின் 'அல்னா' முழங்கை, முன்கை, நீட்டலளவை ஆகிய மூன்றையும் குறித்தது. வடமொழி 'அரத்னி' முழங்கையையும் முழ அளவையும் சுட்டும். உறுப்பையே அளவுகோலாகக் கொண்ட மொழிகளில் மூட்டும் அதனைத் தொடரும் நீளமும் ஒரே பெயர் பெறுதல் இயல்பு. எனினும், 'முழங்கால்' என்பதில் அளவைப் பொருள் இன்மையால், தமிழில் மூட்டுப் பொருளே முதன்மையானது எனக் கருத இடமுண்டு.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழில் வெளிவந்தது. முன்கையின் ஈரெலும்புகளை இன்று இலங்கைத் தமிழ் 'ஆரை', 'அரந்தி' என வழங்குகிறது; தமிழகத்தில் 'ரேடியஸ்', 'அல்னா' என்ற ஒலிபெயர்ப்புகளும் உள்ளன. 'ரேடியஸ்' இலத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால். 'ஆரை' அவ்வுருவகத்தைக் காக்கிறது.

சொல் துல்லியத்தின் தேவையைக் காயங்களின் வரலாறு காட்டுகிறது. மணிக்கட்டின் இடப்பெயர்வு எனப் பெரிதும் கருதப்பட்டு வந்த காயம், உண்மையில் ஆரை எலும்பின் கீழ்முனை முறிவே என்பதை அயர்லாந்தின் ஆபிரகாம் காலிஸ் 1814இல் விளக்கினார். அதே ஆண்டில் இத்தாலியின் மான்டெஜியா வேறொரு காயத்தை விவரித்தார். அதில் அரந்தி முறிகிறது. ஆரையின் தலை முழங்கை மூட்டில் இடம் பெயர்கிறது. இதனை 'முழங்கை முறிவு' என மொழிபெயர்த்தால் இடப்பெயர்வு மறைந்துவிடும். முறிவு மட்டும் பொருந்தி, பெயர்ந்த தலை சீர்செய்யப்படாது போனால் கையின் இயக்கம் குன்றும்.

ஆகவே மூட்டினை 'முழங்கை மூட்டு' என்றும், பகுதியை 'முன்கை' என்றும் வரையறுத்து வழங்குதல் தகும். 'முன்கை' புத்தாக்கம் அன்று. வளையணியும் இடமாகச் சங்கப் பாடல்களில் பயின்று வருவது. இங்கு வேண்டப்படுவது புதுச்சொல் அன்று. பழஞ்சொற்களுக்கிடையே ஒரு தெளிவான எல்லை.