தூக்கின ஜீப் ஏன் உதறுது? ஒரு நூறு வருஷக் கதை

ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தூக்கி, பெரிய டயர் மாட்டி ஓட்டுறவங்க நடுவுல ‘டெத் வாபிள்’னு ஒரு வார்த்தை புழங்கும். எண்பதுல போற வண்டி ஒரு சின்னப் பள்ளத்துல இறங்கி ஏறும். அடுத்த நொடி முன்சக்கரம் ரெண்டும் இடமும் வலமுமா உதற ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் கையில நிக்காது. வேகத்தை நல்லாக் குறைச்சாத்தான் அடங்கும்.

இது ஜீப்புக்கே உரிய வியாதின்னு பலர் நினைக்கிறாங்க. உண்மையில ஜீப் பிறக்கறதுக்கு முன்னாடியே இது இருந்தது.

1920கள், அமெரிக்கா. அங்க ஓடின கார்கள்ல முன்சக்கரம் ரெண்டையும் ஒரே இரும்புத் தண்டு இணைச்சிருக்கும். அதுதான் சாலிட் ஆக்ஸில். 1923ல ஃபயர்ஸ்டோன் கம்பெனி காத்து கம்மியா, அகலமா இருக்கற பலூன் டயரைக் கொண்டு வந்தது. அதே காலத்துல முன்சக்கரத்துக்கும் பிரேக் வர ஆரம்பிச்சது. சொகுசும் பாதுகாப்பும் கூடின கையோட, சக்கரம் உதறவும் ஆரம்பிச்சது.

ஏன்? சுத்துற பம்பரத்தை லேசா சாய்ச்சுப் பாருங்க. நீங்க தள்ளின பக்கம் போகாம, வேற பக்கம் திரும்பும். ஓடுற சக்கரமும் ஒரு பம்பரம்தான். ஒரு சக்கரம் மேட்டுல ஏறினா மொத்த ஆக்ஸிலும் சாயுது, ரெண்டு சக்கரமும் சேர்ந்து திரும்புது. அந்தத் திருப்பம் ஆக்ஸிலை மறுபடி சாய்க்குது. ஒண்ணை ஒண்ணு தூண்டிவிட்டுக்கிட்டே இருக்கும். சக்கரம் பெருசாவும் கனமாவும் ஆக ஆக, இது இன்னும் மோசமாகும்.

ரோல்ஸ் ராய்ஸ்ல இருந்து 1930ல கேடிலாக்குக்கு வந்த மாரிஸ் ஓல்லிங்கற இங்கிலாந்து இன்ஜினியர், ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன் வேணும்னு நின்னார். ஜெனரல் மோட்டார்ஸோட 1934 மாடல் கார்கள்ல அது வந்தது. சாதாரண கார்கள் மெல்ல மெல்ல முன்பக்க சாலிட் ஆக்ஸிலை விட்டு விலகின.

ஆனா 1941ல வந்த வில்லீஸ் ஜீப், முன்னாடியும் பின்னாடியும் சாலிட் ஆக்ஸிலோடயே வந்தது. காரணம், போர்க்களத்துக்கு உறுதியும் எளிமையும்தான் முக்கியம்.

இங்கதான் அலைன்மென்ட் வருது. மூணு கோணம். கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயறது. சாலிட் ஆக்ஸில்ல அது இரும்புலயே முடிவாயிடும். டோ, சக்கரங்களோட மூக்கு ஒண்ணை ஒண்ணு பார்க்குதா, விலகுதான்னு சொல்றது. அதை டை ராடுல சரி பண்ணலாம். மூணாவது காஸ்டர். சைக்கிள் முன் ஃபோர்க் பின்பக்கமா சாய்ஞ்சிருக்கு இல்லையா, அந்தச் சாய்வு. கைய விட்டாலும் சைக்கிள் நேராப் போக அதுவும் ஒரு காரணம். வில்லீஸ்ல அது 3 டிகிரி. குறைஞ்சா, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒரு இரும்பு ஆப்பு வெச்சு மெக்கானிக் சரி பண்ணிடுவார்.

1984 செரோக்கி, 1997 ராங்ளர் இந்த ரெண்டுலயும் முன்னாடி பட்டை போய் காயில் ஸ்பிரிங் வந்தது. ஆக்ஸிலைப் பிடிச்சுக்கறது இப்போ நாலு கன்ட்ரோல் ஆர்மும், குறுக்கே ஒரு டிராக் பாரும். அந்த ராங்ளருக்குக் கம்பெனி வெச்ச காஸ்டர் சுமார் 7 டிகிரி. வண்டியைத் தூக்கினா ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாயும், ஆக்ஸில் சுழலும், காஸ்டர் குறையும். டிராக் பார் ஆக்ஸிலை ஒரு பக்கமா இழுக்கும். டோ மாறும், ஸ்டீயரிங் நடுவுல நிக்காது. வண்டி நெடுஞ்சாலையில அலையும்.

அப்போ காஸ்டரைக் கூட்டிட்டா போதாதா? முழுசா முடியாது. ஸ்டீயரிங் திரும்பற முனையும், புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டற பினியனும் ஒரே ஆக்ஸில் குழாய்லதான் இருக்கு. காஸ்டரைக் கூட்டினா பினியன் கீழே பார்க்கும், முன் ஷாஃப்ட் அதிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமரசம்தான் செய்ய முடியும். அதுக்குத்தான் நீளம் மாத்தக்கூடிய ஆர்ம்.

உதறலுக்குக் காஸ்டர் மட்டும் காரணம் இல்லை. டிராக் பார் புஷ்ல ஆட்டம், தேய்ஞ்ச பால் ஜாயின்ட், பேலன்ஸ் இல்லாத டயர், எதுவும் அதைத் தொடங்கி வைக்கலாம். நிறையப் பேர் புது ஸ்டீயரிங் டேம்பர் மாட்டிட்டு நிம்மதியாயிடறாங்க. அது நோயை மறைக்குதே தவிர, தீர்க்கறது இல்லை. அது தேயற அன்னைக்கு உதறல் திரும்ப வரும்.

2023ல இந்தியாவுக்கு வந்த ஜிம்னியும் முன்னாடி சாலிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங் வண்டிதான். அதனால இந்தக் கதை நமக்கும் தூரம் இல்லை. தூக்கின வண்டியை அலைன்மென்ட்டுக்கு விட்டா, முதல்ல ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் டோ சரியாச்சுன்னு சொன்னதோட கிளம்பிடாதீங்க. காஸ்டர் எவ்வளவுன்னு கேளுங்க. 1934ல மத்த கார்கள் விட்டுட்டு வந்த தொல்லையை, தூக்கின ஜீப்புல அடக்கி வைக்கறதுல அந்தச் சில டிகிரிக்குப் பெரிய பங்கு இருக்கு.