முரட்டுக் காதலன் பிறந்த கதை

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புறங்களானாலும் மலாக்கா நகரமானாலும், நம் பிள்ளைகள் கைப்பேசியில் படிக்கும் காதல் சித்திரத் தொடர்கள் பலவற்றில் ஒரே ஆண்தான் திரும்பத் திரும்ப வருகிறான். பணக்காரன், கோபக்காரன், பிடித்த பெண்ணை அழவைப்பான், கடைசியில் அவளே அவனைத் தேடிப் போவாள். இவன் எங்கிருந்து வந்தான்?

1992-இல் ஜப்பானின் 'மார்கரெட்' இதழில் யோகோ காமியோ 'ஹனா யோரி டாங்கோ' என்ற சித்திரத் தொடரைத் தொடங்கினார். பணக்காரப் பள்ளியில் சுகுஷி என்ற ஏழைப் பெண். அங்கே டோமியோஜி என்ற முரட்டு மாணவன் வைத்ததுதான் சட்டம். யாருடைய லாக்கரில் சிவப்புச் சீட்டு விழுகிறதோ, அவரைப் பள்ளியே சேர்ந்து வதைக்கும். சுகுஷிக்கும் சீட்டு வந்தது. அவள் அடங்கிப் போகவில்லை. அவனையே திருப்பி அடித்தாள். அந்த அடிதான் கதையின் உயிர்.

2001-இல் தைவானில் அது 'மீட்டியோர் கார்டன்' என்ற தொலைக்காட்சித் தொடர் ஆனது. 2009-இல் கொரியாவில் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' ஆனது. மலேசிய இளசுகளும் சொக்கிப்போனார்கள். பின்னால் வந்த பலர் முரடனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அடியை விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையே 2004-இல் கொரியாவின் நேவர் நிறுவனம் 'வெப்டூன்' என்ற இணையச் சித்திரத் தொடர்த் தளத்தைத் தொடங்கியது. 2014-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. வாரம் ஓர் அத்தியாயம். வாசகர் அடுத்த வாரமும் வரவேண்டுமே! அதனால் இரண்டு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் மனத்தாங்கல் மாதக்கணக்கில் இழுபடுகிறது. அவன் சந்தேகப்படுவான், அவள் வாய் திறக்காமல் அழுவாள். அவன் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுக்கும் படத்தைக் கவனியுங்கள்: அவள் முகம் வலியில் சுளிக்கிறது, பின்னணியிலோ பூக்கள் மலர்கின்றன. வலியைக் காதல் என்று நம்பவைப்பவை அந்தப் பூக்கள்தான்.

வேண்டாம் என்றவளை விரட்டி விரட்டி மனம் மாற்றும் நாயகனைத் தமிழ்ப் படங்களில் பார்த்தே வளர்ந்த நமக்கு இது உறுத்துவதில்லை. அதுதான் ஆபத்து. ஒருவருக்கு அச்சம் உண்டாகும்படி மீண்டும் மீண்டும் பின்தொடர்வது மலேசியாவில் 2023 மே 31 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்கீழ் குற்றம். 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். கதையில் கைதட்டல் வாங்குபவன்மேல் நம் ஊரில் போலீஸ் புகார் கொடுக்கலாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

கைப்பேசியைப் பிடுங்கிவைத்துப் பயனில்லை. கூட உட்கார்ந்து படியுங்கள்; 'இந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன சொல்வாய்?' என்று கேளுங்கள். வரையத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் தொடரில் பெண் வேண்டாம் என்றால் கதை அதை மதிக்கட்டும். மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவன் நாயகனாகட்டும்.