செல்லுலோஸ் சல்பேட் ஜெல்

உடலுறவுக்கு முன் பெண்கள் தாமே யோனிக்குள் செலுத்திக்கொள்ளும் ஜெல். கருத்தரிப்பையும் எச்.ஐ.வி. தொற்றையும் ஒருசேரத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்புடன் ஆராயப்பட்டது. ஆணுறைக்குக் கணவர் இணங்காத நிலையில், காப்பு பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை நோக்கம்.

சென்னை ஆய்வு: இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் கண்டறியப்பட்டது சென்னையில்தான். அதற்கு வழிவகுத்த மருத்துவர் சுனிதி சாலமன் பின்னர் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எய்ட்ஸ் ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். இந்த ஜெல்லின் மூன்றாம் கட்ட ஆய்வு சென்னை (இம்மையம்), கர்நாடகத்தின் பாகல்கோட், தென்னாப்பிரிக்கா, உகாண்டா, பெனின் ஆகிய இடங்களில் நடந்தது. பாதுகாப்புக் குறித்த ஐயத்தால் 2007 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஜெல் தொற்றைத் தடுக்கவில்லை என்பதை இறுதி முடிவுகள் உறுதிப்படுத்தின.

ஏற்பு: மருந்தின் ஆற்றல் மட்டும் போதாது, பெண்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்தவும் வேண்டும். ஈரப்பசை, கசிவு, மணம், கணவருக்குத் தெரியாமல் பயன்படுத்த முடியுமா என்பவை முடிவைத் தீர்மானிக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற பகுதிகளின் ஒற்றை அறை வாடகை வீட்டில், மாமியாரும் பிள்ளைகளும் உடனிருக்க, செலுத்து குழலை எங்கே வைப்பது, பயன்படுத்தியதை எப்படி அப்புறப்படுத்துவது என்பவையும் பெரிய கேள்விகளே.

பிற்கால வளர்ச்சி: தென்னாப்பிரிக்காவின் டெனோஃபோவிர் ஜெல் ஆய்வு 2010-இல் தொற்று 39% குறைந்ததாகக் காட்டியது. மாதம் ஒருமுறை மாற்றும் டாபிவிரின் யோனி வளையத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கூடுதல் தடுப்பு முறையாகப் பரிந்துரைத்தது. இவ்வளையம் கருத்தடைச் சாதனம் அன்று.