கற்கும் இடமும் காணும் இடமும்: கோர்ட்டோல்ட் கலை நிறுவனத்தின் வரலாறு

முன்னுரை

கலை வரலாறு என்பது ஓவியங்களைப் பற்றிப் படிப்பதா, ஓவியங்களின் முன் நின்று படிப்பதா என்னும் வினா அத்துறையோடு உடன்பிறந்தது. இலண்டனில் 1932இல் தோன்றிய கோர்ட்டோல்ட் கலை நிறுவனம், தனக்கென ஓர் ஓவியக்கூடத்தை உடைய கல்வி நிலையம் என்பதால் இவ்வினாவிற்கு விடையாகச் சுட்டப்பெறுகிறது. வகுப்பறையும் ஓவியக்கூடமும் அங்கு என்றும் ஒன்றாகவே இருந்தனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே கலை வரலாறு பல்கலைக்கழகத் துறையாக நிலைபெற்றது. இங்கிலாந்திலோ ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆகிய இடங்களில் 1869இல் சிலேடு பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டபோதிலும், அத்துறைக்கென்றே தனி நிறுவனம் அமையவில்லை. இக்குறையை நீக்க முன்வந்தோர் மூவர்: ஆர்தர் லீ பிரபு, சர் ராபர்ட் விட், செயற்கைப் பட்டுத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய சாமுவேல் கோர்ட்டோல்ட். 1931இல் மனைவி எலிசபெத் மறைந்தபின், கோர்ட்டோல்ட் போர்ட்மன் சதுக்கத்திலிருந்த தம் இல்லத்தையே நிறுவனத்திற்கு அளித்தார். ராபர்ட் ஆடம் வடிவமைத்த அம்மாளிகையில், மாணவர் பாடம் கேட்ட கூரையின் கீழேயே ஓவியங்களும் இடம்பெற்றன.

மூலமும் நிழலும்

விட் திரட்டிய ஓவிய நிழற்படத் தொகுப்பும் காலப்போக்கில் நிறுவனத்தைச் சேர்ந்தது. தொலைதூர நாடுகளில் உள்ள படைப்புகளை ஒருங்கே வைத்து ஒப்பிட நிழற்படம் இன்றியமையாதது. எனினும் அது காட்டாதவை பல. மானே 1882இல் நிறைவுசெய்த ‘ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்’ என்னும் ஓவியத்தில், பணிப்பெண்ணின் கண்ணாடிப் பிம்பம் இருக்கவேண்டிய இடத்தினின்றும் வலப்புறம் விலகியுள்ளது. ஓவியர் அப்பிம்பத்தை வரையும்போதே இடம்மாற்றினார் என்பதை எக்ஸ் கதிர் ஆய்வு புலப்படுத்தியது. பிழையெனத் தோன்றியது தேர்ந்து செய்த மாற்றம் என்னும் முடிவை, மூலத்தை ஆராய்ந்தாலன்றி எய்தவியலாது.

பிரிவும் இணைவும்

கோர்ட்டோல்ட் 1947இல் மறைந்தார். 1958இல் தொகுப்பிற்கென உபர்ன் சதுக்கத்தில் தனி ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. வகுப்புகள் போர்ட்மன் சதுக்கத்திலேயே தொடர்ந்தன. இவ்வாறு முப்பதாண்டுகளுக்கு மேல் கல்வியும் காட்சியும் இருவேறு இடங்களில் இயங்கின. 1989ஆம் ஆண்டில் நிறுவனமும், அடுத்த ஆண்டில் ஓவியக்கூடமும் சாமர்செட் மாளிகைக்கு வந்தன. 1780 முதல் 1837 வரை அரசுக் கலைக்கழகம் தன் பள்ளியையும் ஆண்டுக் கண்காட்சிகளையும் நடத்திய இடம் அதுவே என்பது குறிப்பிடத்தக்கது. 2018இல் புதுப்பிப்புப் பணிக்காக ஓவியக்கூடம் மூடப்பட்டது. வகுப்புகள் வெர்னன் சதுக்கத்திற்கு மாறின. 2021 நவம்பரில் ஓவியக்கூடம் மீண்டும் திறக்கப்பட்டபோதும் வகுப்புகள் அங்கேயே நடைபெற்றன.

முடிவுரை

கோர்ட்டோல்ட் நிறுவனத்தின் வரலாற்றில் வகுப்பறையும் ஓவியக்கூடமும் ஓரிடத்தில் அமைந்த காலங்களும் உண்டு; பிரிந்திருந்த காலங்களும் உண்டு. அவ்விணைப்பு நிறுவனர் கொடையால் ஒருமுறை கிடைத்து என்றும் நிலைத்ததன்று. ஒவ்வொரு தலைமுறையும் இடமும் பொருளும் தேடி மீண்டும் அமைத்துக்கொள்ள வேண்டியதாக இருந்தது. ஓவியக்கூடம் உடைமையாக இருப்பதனால் மட்டும் அது பாடமாகிவிடாது. மாணவர் அதன் முன் எளிதாகவும் அடிக்கடியும் நிற்க வழியிருந்தால்தான் பாடமாகும். அருங்காட்சியகத்தையும் கல்லூரியையும் தனித்தனியே எழுப்பும் எந்நாட்டினரும் கருதத்தக்க செய்தி இது.