நோயுற்றோரின் தன்மைக்கூற்று: செஞ்சித் திருநாதர்குன்று முதல் ‘காதுகள்’ வரை

ஆய்வுச்சுருக்கம்

நோயையும் உடற்குறையையும் அவற்றோடு வாழ்ந்தவரே எழுதும் தன்வரலாறு, தமிழில் அண்மைக்கால வகையாகக் கருதப்படுகிறது. செஞ்சியை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் கல்வெட்டு, பதிகச் சான்றுகளைக் கொண்டு, நோயுற்றவரின் சொல்லைப் பதிவு செய்தவர் யார், அதற்குப் பொருள் வகுத்தவர் யார் என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிசீதிகை, சூலை, தன்மைக்கூற்று, தேவாரம், தன்வரலாறு.

முன்னுரை

தன்வரலாறு என்பது அச்சு ஊடகத்தோடு தமிழுக்கு வந்த வடிவம். ஆயினும் தன் உடல் படும் துன்பத்தைத் தானே கூறும் மரபு அதனினும் பழமையானது. அம்மரபை மதிப்பிட, நோயுற்றவரின் கூற்றையும் அவரைப் பற்றிப் பிறர் கூறியதையும் பிரித்தறிதல் வேண்டும்.

1. கல்லில் எஞ்சிய நாள்கணக்கு

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்தை அடுத்துள்ளது திருநாதர்குன்று. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட இப்பாறைப் பகுதியில் இரண்டு நிசீதிகைக் கல்வெட்டுகள் உள்ளன. பழமையானது சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததையும், மற்றொன்று இளையபட்டாரர் 30 நாள் நோன்பிருந்ததையும் பதிவு செய்கின்றன. நோன்பிற்கான காரணத்தை இரண்டுமே கூறவில்லை. தீராநோய், முதுமை, பஞ்சம், விலக்கவியலா இடையூறு ஆகியவை வந்துற்றபோது சல்லேகனை மேற்கொள்ளலாம் எனச் சமண அறநூல்கள் விதிக்கின்றன. தமிழில் அருங்கலச்செப்பும் இவ்விதியைக் கூறுகிறது. இவ்விதியைக் கொண்டு சந்திரநந்தி நோயுற்றிருந்தார் என முடிவு செய்தல் பொருந்தாது. இங்கு நோற்றவரின் குரல் இல்லை. பிறர் எண்ணி வைத்த நாள்களே உள்ளன.

2. பதிகத்தில் ஒலிக்கும் குரல்

இதே நிலப்பரப்பின் திருவாமூரில் பிறந்தவர் ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர். அவரது திருவதிகைப் பதிகம் சூலைநோயைத் தன்மை இடத்தில் கூறுகிறது. வயிற்றினுள் குடர் முறுக்குண்ணும் வலியும் அதனைத் தாங்கவியலாமையும் அதில் நேரடியாகச் சொல்லப்படுகின்றன. தமக்கையார் திலகவதியாரின் பெயர் அப்பதிகத்தில் இல்லை. அவரை மையமாகக் கொண்டு நோயை மதமாற்ற வரலாறாக நாம் இன்று அறியும் வடிவில் விரித்துரைப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணம். வலியின் கூற்றுக்கும் அதன் கதைக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன.

திருநாவலூரில் பிறந்த சுந்தரரின் பதிகங்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. திருவொற்றியூரை விட்டு நீங்கேன் எனச் சங்கிலியாருக்கு அளித்த சூளுறவை மீறியதால் அவர் கண்ணிழந்தார் என்கிறார் சேக்கிழார். சங்கிலியின் பொருட்டே தம் கண் கொள்ளப்பட்டதைத் திருமுல்லைவாயிற் பதிகத்தில் சுந்தரரும் சுட்டுகிறார். ஆனால் திருவாரூர்ப் பதிகத்தில், தாம் குற்றமொன்றும் செய்யவில்லை என்றும், கண்ணைக் கொண்ட பழி இறைவனையே சாரும் என்றும் வாதிடுகிறார். குறையைத் தண்டனையாகக் காணும் விளக்கத்தைக் குறையுற்றவரே ஏற்க மறுக்கும் இடம் இது. திருவொற்றியூர்ப் பதிகத்திலோ, தாம் ஒன்று சொன்னால் வீட்டுப் பெண்டிரும் குருடன் எனக் கூறி விலக்குவதைத் தாங்கேன் என்கிறார். பார்வையிழப்பினும் அதனால் நேரும் அவமதிப்பே இங்கு முன்னிற்கிறது. இது சமூக வரலாற்றுக்குரிய சான்று.

3. பாராயணமும் நூல் வெளியீடும்

பதிகங்கள் ஓதப்பட்டும் திருமுறையாகத் தொகுக்கப்பட்டும் பரவின. வயிற்றுநோய் தீரத் திருவதிகைப் பதிகத்தைப் பாராயணம் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. ஒருவரின் வலிக்கூற்று, ஓதுவோர் அனைவரின் கூற்றாகவும் ஆகிவிட்டது. அச்சுக்காலத் தன்வரலாற்றில் இவ்வசதி இல்லை. எழுதியவரின் பெயரோடு நோய் நிலையாகப் பிணைக்கப்படுகிறது. கும்பகோணத்து எழுத்தாளர் எம். வி. வெங்கட்ராம் (1920–2000), காதுக்குள் ஓயாது ஒலித்த குரல்களோடு வாழ்ந்த தம் அனுபவத்தை நாவலாக எழுதினார். 1993ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘காதுகள்’ அந்நாவல். அதில் குரல்களைக் கேட்பவன் மகாலிங்கம் என்னும் பாத்திரம். மனநோய் எனப் பெயரிடப்படும் அனுபவத்தை வெளியிடுவதற்குப் புனைவு ஒரு காப்பாகவும் அமைகிறது எனக் கருதலாம். பதிகத்தில் பலர் ஓதுவதால் நோயுற்றவரின் தனிமை குறைகிறது. நாவலில் அப்பணியைப் பாத்திரத்தின் பெயர் செய்கிறது.

முடிவுரை

திருநாதர்குன்றில் நோற்றவரின் குரல் இல்லை. தேவாரத்தில் குரல் உண்டு, அதன் கதையைப் பிற்காலத்தார் விரித்தனர். ‘காதுகள்’ நூலில் குரலும் கதையும் ஒருவருடையனவே, பெயர் மட்டும் மாற்றப்பட்டுள்ளது. தமிழில் நோய்த் தன்வரலாற்றின் வரலாற்றை எழுதுவோர் புராண விளக்கங்களிலிருந்து பதிகங்களைப் பிரித்து வாசித்தல் இன்றியமையாதது. அவ்வாறு வாசிக்கும்போதுதான், தன் குறை தண்டனையன்று எனச் சுந்தரர் எழுப்பிய மறுப்பு, மெய்யான சான்றாக நமக்குக் கிட்டும்.