தாயின் கையில் ஐந்து சிலிங்

முதலாம் உலகப் போர்க் காலத்தில், போர்முனை சென்ற வீரர்தம் மனைவியர்க்கு அரசாங்கம் அளித்த படிப்பணத்தை லிவர்ப்பூல் நகரிலே பகிர்ந்தளிக்கும் பணியில் ஈடுபட்டவர் எலினர் ராத்போன் அம்மையார். பிள்ளைகளின் தொகைக்கேற்பக் கூடிய அப்பணம் நேரே தாயின் கைக்குச் சென்றது. தொழிலாளியின் கூலியோ அவ்வாறன்று. தனியனுக்கும் அறுவரின் தந்தைக்கும் அது ஒன்றே. இக்குறையை அம்மையார் 1924இல் நூலாக எழுதி வாதாடினார்.

இருபது ஆண்டுகள் கழிந்து, 1945இல், குடும்பப்படி மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆனால், பணம் தந்தைக்கே உரியதென்று அதில் எழுதப்பட்டிருந்தது! உறுப்பினராயிருந்த அம்மையார் கடுமையாக எதிர்த்தார், அரசாங்கம் விட்டுக்கொடுத்தது. 1946 ஆகஸ்டில் தாய்மார் தபாற்கந்தோரில் முதற்பணத்தைப் பெற்றபோது அவர் உயிரோடிருக்கவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

பெவரிட்ஜ் விதந்துரைத்தது வாரத்துக்கு 8 சிலிங், கிடைத்ததோ 5. அதுவும் முதற் பிள்ளைக்கு இல்லை. ஒற்றைப் பிள்ளையுடன் வாடிய ஏழைத் தாய் வெறுங்கையுடன் நின்றாள். வருமான வரி செலுத்துவோர்க்குப் பிள்ளைகளின் பொருட்டுத் தனிச் சலுகை இருந்தது. வரி செலுத்துமளவு வருவாயில்லாதவனுக்கு அதனால் யாது பயன்?

அச்சலுகையை ஒழித்து, அப்பணத்தையும் தாய்க்கே கொடுக்க 1975இல் சட்டம் பிறந்தது. ஆடவரின் சம்பளம் குறையுமே என்று மறு ஆண்டு அமைச்சரவை தயங்கிற்று. எனினும், 1977 ஏப்ரலில் முதற் பிள்ளையும் கணக்கில் சேர்ந்தது. 1979இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 4 பவுண் ஆயிற்று.